ஃபோர்க்லிஃப்டுக்கு ஒரு வழி, ஆளுக்கு ஒரு வழி

தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள தொழிலாளர் ஆணையர் அலுவலகத்துக்கு வருகிறவரிடம், அண்ணா சாலையில் பஸ் ஓடும் தடத்திலேயே நடந்து வாருங்கள், டிரைவர் பார்த்துக்கொள்வார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மாதவரத்திலோ ஒரகடத்திலோ ஒரு குடோனுக்குள் நுழைந்ததும் அவரிடம் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறோம். ஃபோர்க்லிஃப்ட் மெதுவாகப் போவதால் ஆபத்து குறைவு என்று தோன்றுகிறது. ஆனால் 3 டன் தூக்கும் வண்டி, வெறுமனே நிற்கும்போதே 4 டன்னுக்கு மேல் இருக்கும். சுமை முன்சக்கரங்களுக்கு வெளியே தொங்குவதால், வண்டி குப்புற விழாமல் இருக்கப் பின்புறத்தில் கனத்த இரும்பு எடை வைத்திருக்கிறார்கள். ஸ்டீயரிங் திருப்புவது பின்சக்கரங்களை. அதனால் முன்பக்கம் இடப்புறம் திரும்பும்போது வால்பகுதி வலப்புறம் வீசும். வண்டி கடந்துவிட்டது என்று நம்பி ரேக்கை ஒட்டி நிற்பவரை அது நசுக்கிவிடும். முன்னால் சுமையைத் தூக்கும் மாஸ்ட்டும் பெட்டிகளும் பார்வையை மறைக்கின்றன. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம் என்றாலும் ஒரு நொடியில் 2.8 மீட்டர் போய்விடும். ஆளைப் பார்த்த பிறகும் காரைப் போலச் சட்டென்று பிரேக் போட முடியாது. போட்டால் சுமை முன்னே சரியும், வண்டியே கவிழவும் கூடும்.

ஆகவே இரு தரப்பும் கவனமாக இருந்தால் போதும் என்பதை நான் ஏற்கவில்லை. டிரைவருக்குப் பயிற்சி கட்டாயம் வேண்டும்; ஆனால் அடிபடக்கூடியவர் அந்தப் பயிற்சிக்கு வராத லாரி கிளீனராகவோ, அன்றைக்குத்தான் சேர்ந்த ஒப்பந்தத் தொழிலாளியாகவோ இருக்கலாம். மூன்று வண்டிகள் ஒரே கூரையின் கீழ் ஹார்ன் அடித்தால், ஓசை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது. வண்டியிலிருந்து தரையில் விழும் நீல விளக்கொளி முனைகளில் உதவும், ஆனால் வண்டியை நிறுத்தாது. மஞ்சள் கோடும் அப்படித்தான். ஆள் நடக்கும் வழிக்கு இரும்புத் தடுப்பும் தனிக் கதவும் வேண்டும். லோடு இறங்கும்வரை லாரிக்காரர்கள் உட்கார ஓர் இடமும் வேண்டும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987-இல் சேர்க்கப்பட்ட 7ஏ பிரிவு, பாதுகாப்பான வேலைமுறையை அமைத்துத் தரும் பொறுப்பைத் தொழிற்சாலையை நடத்துபவரிடமே வைத்தது.

நகருக்குள் இருக்கும் சிறிய குடோன்களில் அவ்வளவு இடம் ஏது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இடத்தைப் பிரிக்க முடியாவிட்டால் நேரத்தைப் பிரிக்கலாம்: வண்டி ஓடும்போது தரையில் ஆள் இல்லை, ஆள் இறங்கினால் வண்டி ஓடுவதில்லை. வேலை தாமதமாகும் என்பதும் முழு உண்மையல்ல. திருப்பத்துக்குத் திருப்பம் ஆளுக்காக நின்று நின்று போகும் நேரம் அப்போது மிச்சமாகிறது. சரக்கு எண்ண உள்ளே போகிறவர் ஃபோர்க்லிஃப்டின் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு போவதற்குச் செலவு எதுவும் இல்லை.