மரத்திலிருந்து பேக்கிங் பொருள்: மாந்தோப்பை எடுத்துவிட்டு மரம் வைக்கலாமா?

தோத்தாபுரி விலை சரியும் ஒவ்வொரு பருவத்திலும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு பேச்சு கிளம்பும். 'மாவை எடுத்துவிட்டுத் தைலமரமோ மலைவேம்போ வைத்தால் என்ன?' குந்தாரப்பள்ளி, வேப்பனப்பள்ளி, சூளகிரி பக்கத்து மானாவாரி விவசாயிகளிடம் இப்போது அதனுடன் இன்னொரு பேச்சும் சேர்ந்துள்ளது. பிளாஸ்டிக்குக்குப் பதில் மரத்திலிருந்து பேக்கிங் பொருள் செய்யப்போகிறார்கள், மரத்துக்கு இனி கிராக்கிதான் என்பது அது. இதில் உண்மையும் உண்டு, அவசரமும் உண்டு.

மரத்தில் இருப்பது என்ன?

காய்ந்த மரத்தில் ஏறக்குறைய 40 முதல் 45 சதவீதம் செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருள். நார்களைப் பசைபோல் பிடித்துவைத்திருக்கும் லிக்னின் 20 முதல் 30 சதவீதம். மீதியில் பெரும்பங்கு ஹெமிசெல்லுலோஸ். இவை இயற்கையே செய்த பாலிமர்கள். அதனால்தான் 'பயோ பாலிமர்' என்கிறார்கள்.

பேக்கிங்குக்கு இவற்றை மூன்று வழிகளில் பயன்படுத்தலாம். முதலாவது, நாரைக் கூழாக்கி அட்டை செய்வது. இரண்டாவது, செல்லுலோஸைக் கரைத்துக் கண்ணாடிபோன்ற தாளாக இழுப்பது. சுவிட்சர்லாந்தின் பிராண்டன்பெர்கர் 1908-ல் கண்டுபிடித்த செலோபேன் இதுதான். மூன்றாவது, மரத்தைச் சர்க்கரையாக உடைத்து, அதிலிருந்து பாட்டில் செய்வதற்கான ரசாயனம் எடுப்பது. வழி நீள நீளச் செலவும் ஏறும்.

நம் மாநிலத்தின் இரண்டு பாடங்கள்

திருச்சி மாவட்டம் மணப்பாறை அருகே மொண்டிப்பட்டியில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின் அட்டை ஆலை 2016-ல் உற்பத்தியைத் தொடங்கியது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் பேக்கிங் அட்டை செய்யும் திறன் கொண்டது. பின்னர் அங்கேயே நாளொன்றுக்கு 400 டன் மரக்கூழ் தயாரிக்கும் பிரிவும் வந்தது. காய்ந்த மரத்தில் பாதிக்கும் சற்றுக் குறைவாகவே வெளுத்த கூழ் கிடைக்கும். ஆகவே 400 டன் கூழுக்கு 800 டன்னுக்கு மேல் மரம் வேண்டும். ஏக்கருக்கு 20 டன் என்று வைத்தாலும், நாள்தோறும் 40 ஏக்கருக்குக் குறையாமல் வெட்ட வேண்டும். மரத்துக்குத் தேவை இருக்கிறது என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி.

இரண்டாவது பாடம் சிறுமுகை. பவானி ஆற்றங்கரையில் இயங்கிய சவுத் இந்தியா விஸ்கோஸ் ஆலை, மரக்கூழைக் கரைத்து ரேயான் இழை செய்தது. செலோபேனும் இதே முறையில்தான் உருவாகிறது. கார்பன் டைசல்பைடு, காஸ்டிக் சோடா, அமிலம் எல்லாம் இதற்கு வேண்டும். கழிவுநீர் பவானியைக் கெடுப்பதாக எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு ஆலை மூடப்பட்டது. மரத்திலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு பொருள் சுத்தமானதாகிவிடாது. கழிவுநீர் எங்கே போகிறது என்ற கேள்வி கூடவே வர வேண்டும்.

பெரிய அளவு என்றால் பெரிய காலம்

ஜெர்மனியின் லொய்னா நகரில் பின்லாந்தின் யுபிஎம் நிறுவனம், மரத்திலிருந்து பாட்டில், பேக்கிங் பொருள்களுக்கான ரசாயனம் எடுக்கும் ஆலையை 2020-ல் அறிவித்தது. ஆண்டுக்கு 2,20,000 டன் திறன். 2022 இறுதியில் உற்பத்தி என்றார்கள். 55 கோடி யூரோ என்று போட்ட செலவு இரு மடங்கைத் தாண்டியது, காலமும் தள்ளிப்போனது. பணபலம் உள்ள நிறுவனத்துக்கே இந்த நிலை. எனவே வரப்போகும் ஆலையை நம்பி இன்று கன்று நடுவது சரியல்ல. இன்று மரம் வாங்கும் ஆலையை வைத்தே கணக்குப் போட வேண்டும்.

குந்தாரப்பள்ளிக்கான கணக்கு

ஆலை வாசலில் சொல்லும் விலை விவசாயியின் விலை அல்ல. வெட்டுக்கூலி, பட்டை உரிக்கும் கூலி, ஏற்றுக்கூலி, லாரி வாடகை நான்கையும் கழித்தால் கிடைப்பதே தோட்டத்து விலை. அருகிலுள்ள பெரிய காகித ஆலையான ஈரோடு பக்கத்துப் பள்ளிபாளையம்கூட இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். தூரம் கூடக்கூட லாபம் கரையும்.

எடுத்துக்காட்டாக, எல்லாம் போக டன்னுக்கு 2,000 ரூபாய் நிற்கிறது, 5 ஆண்டில் ஏக்கருக்கு 20 டன் கிடைக்கிறது என்று வைப்போம். மொத்தம் 40,000 ரூபாய். ஆண்டுக்கு 8,000. இதில் கன்று, குழி, உரம், முதலாண்டுத் தண்ணீர்ச் செலவு இன்னும் கழியவில்லை. இந்தத் தொகையை, மாவின் கடந்த ஐந்தாண்டுச் சராசரி வருமானத்தோடு ஒப்பிடுங்கள். விலை விழுந்த ஓர் ஆண்டோடு மட்டும் ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

காய்க்கும் தோப்பை வெட்டினால் மீண்டும் அந்த நிலைக்கு வர எட்டு, பத்து ஆண்டு ஆகும். மரப்பயிருக்கு ஏற்ற இடம், பயிர் வைக்காமல் கிடக்கும் கரம்பும் வரப்போரமும்தான்.

கையெழுத்துப் போடும் முன்

* ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச விலை எழுத்தில் உள்ளதா?
* வெட்டும் செலவும் வண்டி வாடகையும் யாருடையது?
* எடை எங்கே போடப்படும்? ஈரத்துக்குக் கழிவு எவ்வளவு?
* அறுவடை தாமதமானால் பொறுப்பு யாருக்கு?
* மரப்பயிர் அடங்கலில் பதிவாகியுள்ளதா?

வாசகர் கேள்விகள்

*தைலமரம் நிலத்தடி நீரை உறிஞ்சுமா?*

அடர்த்தியாக நட்டால் மேல்மண் ஈரத்தை வேகமாக எடுக்கும். எல்லைக்கு அப்பால் கர்நாடக அரசு 2017-ல் புதிதாகத் தைலமரம் நடுவதற்குத் தடை விதித்தது. கிணறு, போர்வெல் அருகில் நடுவதைத் தவிர்க்கவும்.

*மலைவேம்பு மானாவாரியில் வருமா?*

உயிர் பிழைக்கும், ஆனால் பருக்காது. ஆழமான மண்ணும் சொட்டுநீரும் இருந்தால் மட்டும் வையுங்கள். கன்று தேர்வுக்கு மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியை அணுகலாம்.

*'மக்கும் பை' என்று கடையில் விற்பதை நம்பலாமா?*

ஐ.எஸ். 17088 தரக்குறியீடும், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்று எண்ணும் பையில் அச்சாகியிருக்க வேண்டும். அப்படிப்பட்ட பையும் உரம் தயாரிக்கும் ஆலையின் சூட்டில்தான் சரியாக மக்கும். வயலில் வீசாதீர்கள், மாடு தின்றுவிடும்.