எண்ணெய் எப்போ மாத்தினீங்க, பாய்?

ரமலான் பிறந்துவிட்டால் அஸர் தொழுகை முடிந்த கையோடு திருவல்லிக்கேணியிலும் மேலப்பாளையத்திலும் பள்ளிவாசல் தெருக்களில் தள்ளுவண்டிகள் வந்து நின்றுவிடும். வடை, சமோசா, கட்லட், ரோஸ் மில்க், வெட்டிய பழம் என்று எல்லாம் மஃரிப் பாங்குக்குள் விற்றாக வேண்டும். கறிக்கடையில் ‘ஹலால்தானே?’ என்று இரண்டு தடவை கேட்கிற நாம், இந்த வண்டிகளிடம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. ஒருபக்கம் பசியும் கூட்டமும், இன்னொருபக்கம் ‘நோன்பு நேரத்தில் எதற்கு வம்பு’ என்ற கூச்சம்.

கேட்பது வம்பல்ல. மதீனா சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) கையை விட்டுப் பார்த்தார்கள். மேலே காய்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாக இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, ஏமாற்றுபவரை வன்மையாகக் கண்டித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான நிகழ்ச்சி இது. அந்தத் தானியம் ஹராமான பொருள் அல்ல. குறையை மறைத்து விற்றதுதான் குற்றம். இந்திய உணவுப் பாதுகாப்புச் சட்டமும் வாங்குகிறவருக்குக் கொடுத்திருப்பது ஏறத்தாழ குறையை அறியும் அதே உரிமையைத்தான்.

முதலில் வாணலி. ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது ‘போலார் சேர்மங்கள்’ எனப்படும் கெட்ட பொருள்கள் அதில் சேர்ந்துகொண்டே போகும். அவற்றின் மொத்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் சமைக்கக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள விதி. அதிகாரியிடம் அளக்கக் கருவி இருக்கும்; நமக்குக் கண்ணும் மூக்கும் போதும். வடையைப் போட்டதும் எழும் நுரை அடங்காமல் விளிம்புவரை ஏறுகிறதா, கரண்டியிலிருந்து எண்ணெய் பாகுபோல் இழுத்துக்கொண்டு வடிகிறதா, அடுப்பைத் தணித்த பிறகும் புகைகிறதா என்று பாருங்கள். தின்ற பிறகு தொண்டை காறினால் சந்தேகமே வேண்டாம். வெறும் வயிற்றில் முதலில் இறங்குவது அதுவாக இருக்க வேண்டுமா?

வண்டிக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பெரிய சமையற்கூடங்கள் கழித்த எண்ணெய் குறைந்த விலைக்குத் தெருவுக்கு வருவது ஊரறிந்த கதை. பயன்படுத்திய எண்ணெயை பயோடீசல் தயாரிக்க விலைகொடுத்து வாங்கும் ஏற்பாடு, உணவுப் பாதுகாப்புத் துறையின் ‘ரூகோ’ திட்டத்தில் இருக்கிறது. பள்ளிவாசல் ஜமாஅத் ஒன்று மனது வைத்தால், தெருவிலுள்ள எல்லா வண்டிகளின் பழைய எண்ணெயையும் ஒரே கேனில் சேர்த்து அந்த நிறுவனங்களிடம் கொடுக்கலாம். வியாபாரிக்கும் நஷ்டம் குறையும்.

அடுத்து, வடையைச் சுற்றித் தரும் காகிதம். அச்சிட்ட செய்தித்தாளில் உணவைப் பொட்டலம் கட்டுவது 2018-ஆம் ஆண்டின் பொட்டலமிடல் விதிகளின்படி தடை செய்யப்பட்டது. அச்சு மை சூட்டிலும் எண்ணெயிலும் கரைந்து பலகாரத்தில் ஒட்டும். வாழையிலை கேளுங்கள், இல்லாவிட்டால் வீட்டிலிருந்து ஒரு டப்பா.

டப்பா என்றதும் நோன்புக் கஞ்சி நினைவுக்கு வருகிறது. பச்சரிசி, பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால், கொஞ்சம் கொத்துக்கறி என்று மதியத்திலிருந்து தேக்சாவில் கொதித்த கஞ்சி சாதி மதம் பார்க்காமல் ஊருக்கே போகிறது. பள்ளிவாசல்களுக்குத் தமிழக அரசு பச்சரிசி கொடுப்பதும் இதற்காகத்தான். அத்தனை அக்கறையாகக் காய்ச்சிய கஞ்சியை, கொதிக்கக் கொதிக்க மெல்லிய பிளாஸ்டிக் பையில் ஊற்றி முடிச்சுப் போட்டுக் கொடுப்பதைப் பார்த்தால் மனது கேட்பதில்லை. 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழகத்தில் தடை இருக்கிறது; கஞ்சிக்கு அதில் விலக்கு இல்லை. தூக்குவாளி கொண்டுவந்தால்தான் கஞ்சி என்று முத்தவல்லி ஒரு ஜும்ஆவில் சொன்னால் போதும். இன்னொன்று: வழிபாட்டுத் தலங்களில் உணவு வழங்குவோரும் உணவுப் பாதுகாப்புப் பதிவு பெற வேண்டும். இலவசம்தானே என்று பல ஜமாஅத்துகள் அதை மறந்துவிடுகின்றன.

நிறத்துக்கு வருவோம். துணிச் சாயமான ரோடமைன்-பி கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தது. விரல் சிவக்கிற ரோஸ் மில்க்கைப் பார்க்கும்போது அது ஞாபகத்தில் இருக்கட்டும். ஆனால் வதந்தியையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். தர்பூசணிக்கு ஊசியில் சாயம் ஏற்றுகிறார்கள் என்று 2025 கோடையில் பரவிய பேச்சால் விலை சரிந்து, வயலிலேயே பழத்தை விட்டவர்கள் நம் விவசாயிகள். ஆதாரமில்லாத காணொளியைப் பகிர்ந்து ஒருவர் பிழைப்பைக் கெடுப்பதும் நோன்பில் தவிர்க்க வேண்டியதுதான்.

பேரீச்சம்பழம் உதிரியாக வாங்கினால் அது எந்த நாட்டுப் பழம், எப்போது வந்தது என்று தெரியாது. இறக்குமதிப் பெட்டியில் உற்பத்தியான நாட்டின் பெயரும் இறக்குமதியாளர் முகவரியும் இருந்தாக வேண்டும். எந்த மண்ணில் விளைந்ததை வாங்குவது என்று மனசாட்சிப்படி முடிவெடுக்க நினைப்பவர்களுக்கு அந்த ஒரு வரிதான் துணை. மற்ற பாக்கெட் உணவுகளில் சேர்க்கைப் பொருளின் எண் ஐ.என்.எஸ். 120 என்றிருந்தால் அது பூச்சியிலிருந்து எடுத்த சிவப்பு. 471 தாவரக் கொழுப்பிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். பச்சைப் புள்ளி இருந்தால் விலங்குச் சந்தேகம் தீரும். கரைப்பானாகச் சேர்த்த ஆல்கஹாலைப் பற்றி அந்தப் புள்ளி எதுவும் சொல்லாது.

தராவீஹ் முடிந்து வாங்கிய பிரியாணியை ஸஹர்வரை வெளியே வைப்பது பலர் வீட்டில் நடக்கிறது. ஆறிய சோற்றில் வளரும் சில கிருமிகளின் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. உடனே குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் தமிழக அரசு ஓராண்டுத் தடை விதித்ததும் இப்படி நச்சாகும் ஆபத்தால்தான்.

சரி, உடம்புக்கு வந்துவிட்டால்? மிச்ச உணவை மூடி குளிரில் வையுங்கள், பில்லைத் தூக்கிப் போடாதீர்கள், மருத்துவச் சீட்டில் காரணத்தை எழுதி வாங்குங்கள். தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. படமும் கடையின் இடமும் சேர்த்து அனுப்பலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் கட்டி நாமே பொருளைப் பரிசோதனைக்குக் கொடுக்கவும் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவு இடம் தருகிறது. குறை நிரூபணமானால் கட்டணம் திரும்பி வரும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. வாங்கிய பொருளின் மதிப்பு 5 லட்ச ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை.

புகார் கொடுத்தால் அந்த பாய் கடையை மூடிவிடுவார்களே என்று தயங்குபவர்கள் இதையும் தெரிந்துகொள்ளலாம்: குறையைத் திருத்த 14 நாளுக்குக் குறையாத அவகாசத்துடன் அறிவிப்புக் கொடுக்க அதே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 32-வது பிரிவு வழி செய்கிறது. அந்த அவகாசத்தில் எண்ணெயை மாற்றிவிட்டால் அவர் வியாபாரம் நடந்துகொண்டுதான் இருக்கும்.