பாதாள வாயிலில் தந்தையும் மகனும்

பழவங்காடிப் பிள்ளையார் திருமுன் சிதறும் தேங்காய்களின் ஓசையைக் கேட்டிராத தமிழர் திருவனந்தபுரத்தில் இரார். அங்கிருந்து தெற்கே, 1956இல் தமிழகத்தோடு இணைந்த குமரி நாட்டில், தோற்பாவைக் கூத்தர் நடத்திவந்த மயில்ராவணன் கதையை ஈண்டு நினைவுகூர்வோம். வான்மீகியிலும் கம்பரிலும் இக்கதை இல்லை. இராமகாதை போதாதென்று மக்கள் தாமே வளர்த்துக்கொண்ட கிளை இது.

இராவணனுக்குத் துணைவந்த பாதாள வேந்தன் மயில்ராவணன் வீடணன் உருக்கொண்டு புகுந்து, உறங்கும் இராம இலக்குவரைக் கவர்ந்து சென்றான். வாலையே கோட்டையாக வளைத்துக் காத்த அனுமன் ஏமாந்தான்! ஆகவே மீட்கும் பொறுப்பும் அவனுடையதாயிற்று.

பாதாள வாயிலில் நின்ற காவலனோ வெல்லற்கரியவன். 'நீ யார்?' என்று வினவ, 'அனுமன் மைந்தன்' என்றான். கடலைத் தாண்டுகையில் சிந்திய வியர்வையை விழுங்கிய மீன் ஈன்ற மச்சவல்லபன் அவன். தந்தையென்று தெளிந்த பின்னும் உண்ட உப்பை மறக்க அவன் மனம் ஒப்பவில்லை. மகனைக் கொல்ல அனுமனுக்கும் கை எழவில்லை. கதையின் உயிர் இந்த இடத்திலேதான் இருக்கிறதென்பது நம் கருத்து. காவலை விடாமலே மகன் வழியைக் குறிப்பால் உணர்த்தினான் என்பர் சிலர்; கட்டுண்டு கிடக்க இசைந்தான் என்பர் வேறு சிலர்.

உள்ளே உதவியவள் மயில்ராவணனின் தமக்கை தூரதண்டி. அவள் மகனும் பலிக்கென அடைபட்டிருந்தான். அவள் சுமந்த நீர்க்குடத்தில் ஒளிந்தே அனுமன் நகர் புகுந்தான். மயில்ராவணன் உயிரோ ஐந்து வண்டுகளில் மறைந்திருந்தது. ஐந்தையும் ஒருசேர நசுக்கினாலன்றி அவன் மாளான். அனுமன் அவ்வாறே செய்து, இருவரையும் தோளில் ஏற்றி மீண்டான்.