அழைப்பு வந்ததும் படிவம் காணாமல் போவது ஏன்?

லாபிஸில் இருக்கும் என் சித்தி மகள், உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள். கைபேசியில்தான். அடையாள அட்டை எண், குடும்ப வருமானம், எஸ்பிஎம் தேர்ச்சி, 'இந்த உதவி உங்களுக்கு ஏன் தேவை' என்று ஒரு சிறு கட்டுரை. நாற்பது நிமிட வேலை. கடைசிப் பக்கத்தில் இருக்கும்போது சித்தப்பாவிடமிருந்து அழைப்பு: "ஸ்டேஷன்ல நிக்கிறேம்மா, அண்ணனை வரச் சொல்லு." பேசி முடித்து, அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் தகவல் அனுப்பிவிட்டுத் திரும்பினால், முதல் பக்கம் காலியாக நிற்கிறது.

"எல்லாம் போச்சுக்கா!" என்று எனக்குப் போன் செய்தாள். அன்றிரவு 12 மணிக்குக் கடைசி நேரம்.

அவள் எதையும் தப்பாக அழுத்தவில்லை. தப்பு, செயலியை எழுதியவர்களுடையது.

திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது?

கைபேசித் திரை எந்தச் செயலிக்கும் சொந்தமில்லை. ஆண்ட்ராய்டு அதை வாடகைக்கு விடுகிறது, அவ்வளவுதான். இன்னொரு திரை முன்னால் வந்தால், பழைய செயலியிடம் அனுமதி கேட்காது. தகவல் மட்டும் சொல்லும். 'ஆன்-பாஸ்' என்றால், கவனம் உன்னிடம் இல்லை. 'ஆன்-ஸ்டாப்' என்றால், நீ முழுசாக மறைந்துவிட்டாய். இதையொட்டி ஒரு சின்னப் பையையும் நீட்டும்: திரும்பி வரும்போது தேவைப்படுவதை இதில் போட்டுவை என்று. ஐபோனிலும் ஏறக்குறைய இதே கதைதான். பின்னணிக்குப் போன செயலி தன் வேலையை முடித்துக்கொள்ள சுமார் 5 விநாடிகள் கிடைக்கும்.

சிக்கல் அதற்குப் பிறகு. மறைந்திருக்கும் செயலியை, நினைவகம் போதாதபோது ஆண்ட்ராய்டு சத்தமில்லாமல் தூக்கிவிடலாம். 'ஆன்-டெஸ்ட்ராய்' என்ற கடைசி அறிவிப்பு வரும் என்று நம்பி, சேமிக்கும் வேலையை அங்கே வைப்பவர்கள் உண்டு. அது வராமலே போகலாம்.

சிகாமட் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2023 மார்ச் வெள்ளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வாசலுக்கு வந்த பிறகா சான்றிதழ்களைத் தேடுவோம்? மழை வலுக்கும்போதே எடுத்து மேலே வைத்துவிடுவோம்.

இது புதுப் பிரச்சினையும் அல்ல. முத்து நெடுமாறனின் செல்லினம் 2005 பொங்கலையொட்டி சிங்கப்பூரில் வெளியான காலத்து ஜாவா கைபேசிகளிலேயே, செயலிகளுக்குத் தொடங்கு, நில், முடி என்று மூன்று கட்டளைகள் இருந்தன.

என் போனில் மட்டும் ஏன் போகவில்லை?

அதே செயலியை என் கைபேசியில் திறந்து, பாதி நிரப்பி, வேண்டுமென்றே அழைப்பு வரவழைத்துப் பார்த்தேன். ஒன்றும் அழியவில்லை. என்னுடையது 8 ஜிபி ரேம். அவளுடையது 3 ஜிபி. வாட்ஸ்அப்பைத் திறந்ததுமே அவள் போனில் இடம் தீர்ந்திருக்க வேண்டும்.

செயலி எழுதுகிறவர் மேசையில் இருப்பதும் பெரும்பாலும் என்னுடையதைப் போன்ற போன்தான். அதனால் இந்தக் கோளாறு அவர் கண்ணில் படுவதே இல்லை. உதவித்தொகை தேவைப்படும் பிள்ளையின் போனில்தான் அது தெரியும். எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான்.

திரையைத் திருப்பிப் பார்த்துவிட்டு 'சோதித்துவிட்டோம்' என்று சொல்வதும் போதாது. திருப்பும்போது ஆண்ட்ராய்டு வழக்கமாகப் பக்கத்தை அழித்து மறுபடி கட்டும். அதைச் சமாளிக்க 2017இல் கூகள் அறிமுகப்படுத்திய 'வியூ-மாடல்' உதவும். ஆனால் செயலியே தூக்கப்பட்டால் வியூ-மாடலில் இருப்பதும் சேர்ந்து போய்விடும். மேலே சொன்ன பையும் சின்னது. எல்லாப் பரிமாற்றங்களுக்கும் சேர்த்து சுமார் 1 எம்பிதான். அடையாள அட்டைப் படத்தை அதில் திணித்தால் செயலியே விழும். எந்தப் பக்கம், எந்தக் கட்டம் என்ற குறிப்பு மட்டும் பையில். எழுதியதெல்லாம் அவ்வப்போது கோப்பிலோ தரவுத்தளத்திலோ வரைவாகப் போகணும்.

நீங்கள் செயலி எழுதப் பழகுபவரா? போனின் டெவலப்பர் அமைப்புகளில் 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்' என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு உங்கள் செயலியிலிருந்து வெளியே போய்த் திரும்பி வாருங்கள். எது நிற்கிறது, எது போகிறது என்று உடனே தெரியும்.

சித்தி மகள் அன்றிரவு கட்டுரையை முதலில் குறிப்பேட்டுச் செயலியில் எழுதி, அங்கிருந்து எடுத்து ஒட்டினாள். போனை 'டூ நாட் டிஸ்டர்ப்' நிலையில் வைத்துவிட்டு, 11.40க்கு அனுப்பி முடித்தாள்.