கடைசிப் பாகத்தில் ஒரு ரப்பர்!

ஒரு வாரம் 'தொடரும்' போட்டாலே நமக்குப் பொறுக்காது. அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீஃபன் கிங், தன் வாசகர்களை ஆறு வருஷம் ரயிலில் உட்கார வைத்தார்!

'தி டார்க் டவர்' என்கிற மாயாஜாலத் தொடர் அது. முக்கியக் கதை ஏழு பாகம். 1970-ல் எழுத உட்கார்ந்தவர், 2004-ல்தான் கடைசிப் பாகத்தை வெளியிட்டார். ரோலண்ட் என்ற துப்பாக்கி வீரன், எல்லா உலகங்களையும் தாங்கி நிற்கும் ஒரு கறுப்புக் கோபுரத்தைத் தேடிப் போகிறான். துணைக்கு நியூயார்க்கிலிருந்து மூன்று பேர், நாய் மாதிரி ஒரு பிராணி. அவ்வளவுதான் கதை.

1991-ல் வந்த மூன்றாம் பாகத்தின் கடைசியில் இவர்கள் ஏறுவது ஒரு பேசும் ரயில். அதற்குப் பைத்தியம் வேறு. தற்கொலை செய்துகொள்ளப் போகிறேன், எனக்குத் தெரியாத விடுகதை போட்டால் விட்டுவிடுகிறேன் என்கிறது. அங்கே 'தொடரும்'. அடுத்த பாகம் வந்தது 1997-ல்!

வாசகர்கள் சும்மா இருப்பார்களா? ஒரு புண்ணியவான் கரடி பொம்மையைச் சங்கிலியால் கட்டிப் போட்டோ எடுத்து, 'அடுத்த பாகத்தை விடு, இல்லாவிட்டால் கரடி காலி' என்கிற ரீதியில் மிரட்டல் அனுப்பியதாகக் கிங்கே எழுதியிருக்கிறார். அதே முன்னுரையில் வேறு இரண்டு கடிதங்களையும் சொல்கிறார். புற்றுநோயில் நாளை எண்ணிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, மரண தண்டனைக்குக் காத்திருந்த ஒரு கைதி. இரண்டு பேரும் கேட்டது ஒன்றுதான். முடிவை எனக்கு மட்டும் சொல்லிவிடுங்களேன்! கிங்கால் சொல்ல முடியவில்லை. முடிவு அவருக்கே தெரியாது.

1999 ஜூன் 19-ம் தேதி, ரோட்டோரம் நடந்துகொண்டிருந்த கிங்கை ஒரு வேன் அடித்துப் போட்டது. பிழைத்ததே பெரிசு. எழுந்தவருக்கு, முடிக்காமலே போய்விடுவோமோ என்ற பயம். 2003 நவம்பரிலிருந்து 2004 செப்டம்பருக்குள் மூன்று பாகங்கள் வெளிவந்தன. மார்ச் 31 நெருங்கும்போது அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனில் வவுச்சர் போடுகிற வேகம்!

(படிக்கிற உத்தேசம் உள்ளவர்கள் இங்கேயே ஜோக் பக்கத்துக்குத் தாவிவிடலாம். அப்புறம் என்னைத் திட்டாதீர்கள்.)

முதல் பாகத்தின் முதல் வரியிலிருந்து ரோலண்ட் துரத்துகிற ஒரு கறுப்பு உடை ஆசாமி இருக்கிறான். கடைசிப் பாகத்தில், பாதி மனுஷன் பாதி சிலந்தியாக ஒரு குழந்தை அவனைச் சாப்பிட்டுவிடுகிறது. ரோலண்ட் அந்தப் பக்கமே இல்லை! சரி, பெரிய வில்லன் க்ரிம்ஸன் கிங்? அண்ட சராசரத்தையே அழிக்க நினைப்பவன், கோபுர பால்கனியில் நின்று கத்திக்கொண்டு குண்டு வீசுகிறான். பக்கத்தில் ஒரு பையன் அவனைப் படமாக வரைகிறான், பிறகு ரப்பரால் அழித்துவிடுகிறான். வில்லன் க்ளோஸ். ஆமாம் ஸார், ரப்பர்!

ஏமாற்றம் ரப்பரால் இல்லை. அந்தப் பைத்தியக்கார ரயிலை எப்படி ஜெயித்தார்கள் தெரியுமா? எட்டி என்கிற இளைஞன் அறுவை ஜோக்காக அடுக்க, லாஜிக் தாங்காமல் கம்ப்யூட்டர் மண்டை வெடித்துச் செத்தது. ரப்பரைவிடக் கேவலமான ஆயுதம்! ஆனால் யாருக்கும் குறையில்லை. எட்டி அறுவை போடுவதும், ரோலண்ட் முறைப்பதும் இரண்டாம் பாகத்திலிருந்து நமக்குப் பழக்கம். ரப்பர் பையனோ இந்தத் தொடரில் தலைகாட்டுவதே கடைசிப் பாகத்தின் கடைசிப் பகுதியில்தான். எண்ணூறு பக்கத்துக்கு மேல் இருக்கிற புத்தகம், அவனைக் கொஞ்சம் முன்னாடியே கூட்டிவந்திருக்கலாம் இல்லையா?

கோபுர வாசலில் கிங் நம்மை நிறுத்தி, இதோடு புத்தகத்தை மூடிவிடுங்கள், உள்ளே வரவேண்டாம் என்கிறார். யார் கேட்கப் போகிறார்கள்? ரோலண்ட் மாடி மாடியாக ஏறி உச்சிக் கதவைத் திறக்கிறான். உள்ளே பாலைவனம். கதை ஆரம்பித்த அதே இடம். பழசெல்லாம் மறந்து, மறுபடி முதலிலிருந்து நடக்கிறான்! பல வாசகர்கள் கொதித்தது இதற்குத்தான். தனக்கும் அந்த முடிவு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, ஆனால் சரியான முடிவு அதுதான் என்று புத்தகத்தின் கடைசியில் கிங்கே எழுதிவிட்டார்.

இந்த இடத்தில் என் ஓட்டு அவருக்கே. எத்தனையோ காலம் முன்னால் போர்க்களத்தில் எடுக்காமல் விட்டுவந்த கொம்பு, இந்தத் தடவை ரோலண்டின் இடுப்பில் இருக்கிறது. அந்தப் பாட்டியிடம் இதைத் தாராளமாகச் சொல்லலாம். ரப்பர் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு.