தேய்ந்த பிரேக் கூறும் சான்று

மலையேறுவதற்கு எஞ்சினின் வலிமை வேண்டும். மலையிறங்குவதற்கோ பிரேக்கின் துணை வேண்டும். கள்ளக்குறிச்சியினின்று கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைமேலுள்ள வெள்ளிமலைக்குச் சென்று மீள்வோர் இவ்வுண்மையை நன்கறிவர். 900 கிலோ எடையுள்ள வண்டியொன்று 500 மீட்டர் உயரத்தினின்று இறங்குமாயின், அதன்கண் அடங்கிய ஆற்றல் ஏறக்குறைய 44 லட்சம் ஜூல் ஆகும். சுமார் 15 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கச் செய்ய இது போதும். தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சின் இதில் பெரும்பங்கை ஏற்றுக்கொள்ளும். எஞ்சிய பங்கு பிரேக்கில் வெப்பமாக மாறும். அவ்வெப்பத்தைத் தாங்க வேண்டிய பேட்களுள் ஒன்று மட்டும் தேய்ந்து, ஏனையவை தேயாதிருப்பின், அதனைச் சிறு குறையெனத் தள்ளலாகாது.

எம்மிடம் பழைய மாருதி 800 வண்டி ஒன்றுண்டு. 1983 முதல் 2014 வரை நம் நாட்டில் செய்யப்பெற்ற இவ்வகை வண்டிகள் இன்றும் நம் சாலைகளில் ஓடக் காண்கின்றோம். எமது வண்டியின் முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக்கும், பின் சக்கரங்களில் டிரம் பிரேக்கும் உள்ளன. ஒருமுறை இடப்புற முன் சக்கரத்தின் உட்பேட் மட்டும் இரும்பு தெரியுமளவு தேய்ந்துபோயிற்று. பட்டறையில் புதிய பேட்களைப் பொருத்தித் தந்தனர். ஆறு திங்கள் கழியுமுன் அதே பேட் மீண்டும் அவ்வாறே தேய்ந்தது. பேட்டை மாற்றினோமேயன்றி நோயை மாற்றவில்லை என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று.

இதன் காரணத்தை அறியுமுன் கருவியின் அமைப்பை அறிதல் வேண்டும். 1902-இல் இங்கிலாந்தில் லாஞ்செஸ்டர் என்பார் டிஸ்க் பிரேக்கிற்குக் காப்புரிமை பெற்றார். சக்கரத்துடன் சுழலும் இரும்புத் தட்டை இரு பேட்கள் இருபுறமும் கவ்விப் பிடித்தலே அதன் தத்துவம். பிரேக்கை மிதிக்குங்கால் எழும் அழுத்தம், நாம் பௌதிக வகுப்பிற் பயின்ற பாஸ்கல் விதிப்படி, பிரேக் ஆயில் வழியே காலிபரை அடைகின்றது. எமது வண்டியில் காலிபரின் உட்புறத்தில் மட்டுமே பிஸ்டன் உண்டு. அது உட்பேட்டைத் தட்டின்மேல் தள்ளும். அதன் எதிர்விசையால் காலிபர் முழுவதும் உள்நோக்கி நகர்ந்து வெளிப்பேட்டையும் இழுத்து அழுத்தும். இந்நகர்ச்சிக்கு உதவுவன, கைட் பின் எனத் தொழிலாளர் வழங்கும் இரண்டு வழுக்குத் தண்டுகள். மிகச் சிறிதே அசையும் இத்தண்டுகளைப் பொறுத்தே இரு பேட்களும் சுமையைச் சமமாகப் பகிர்ந்துகொள்கின்றன.

இனி, தேய்வின் வகையைக் கொண்டு காரணத்தை உய்த்துணரலாம். வெளிப்பேட் மிகுதியாகத் தேய்ந்திருப்பின், மிதியை விட்ட பின்னரும் காலிபர் தளரவில்லை என்பது பொருள்; பெரும்பாலும் தண்டுகளே துருவேறிச் சிக்கியிருக்கும். உட்பேட் மிகுதியாகத் தேய்ந்திருப்பின், பிஸ்டன் பின்வாங்காது நின்றிருக்கலாம்; அன்றித் தண்டுகள் இறுகிக் காலிபர் நகராமையால் உட்பேட் ஒன்றே வேலை செய்திருக்கலாம். ஒரே பேட் ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் ஆப்புப்போல் இருப்பின், ஒரு தண்டு மட்டும் சிக்கியிருத்தலையோ, பேட் அமரும் இடத்தில் துரு சேர்ந்திருத்தலையோ ஐயுறலாம். சிறிய சாய்வு இயல்பே. ஒரு பக்கத்துச் சக்கரத்தின் இரு பேட்களும் மறுபக்கத்தினும் மிகுதியாகத் தேய்ந்திருப்பின், ரப்பர்க் குழாயை நோக்குக. பழைய குழாய் உட்புறம் வீங்கி, அழுத்தத்தை உள்ளே செல்லவிட்டு மீளவிடாது தடுத்தலுண்டு. நான்கு முன் பேட்களும் ஒருசேர விரைந்து தேயின், பின் டிரம்கள் சரிவர வேலை செய்கின்றனவா என ஆராய்க. என்னை? பின்னவை உழையாத பொழுது முன்னவை மிகுதியாக உழைக்கும் ஆதலின்.

சோதனை எளிது. சமதரையில் வண்டியை நிறுத்தி, ஏனைய சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்புறத்தை ஜாக்கியால் தூக்கி உறுதியான தாங்கியில் நிறுத்துக. ஒருவர் மிதியை அழுத்தி விட்டபின் மற்றவர் சக்கரத்தைக் கையாற் சுழற்றுக. சுழலாது இறுகுமாயின், காலிபரில் காற்றெடுக்கும் திருகைச் சற்றே தளர்த்துக. சக்கரம் உடனே விடுபட்டால், அழுத்தம் உள்ளே சிறைப்பட்டிருந்தது. குழாயையோ மாஸ்டர் சிலிண்டரையோ ஆராய்தல் வேண்டும். விடுபடாவிடின் பிஸ்டனோ தண்டுகளோ சிக்கியுள்ளன. பின்னர்க் காலிபரைக் கழற்றித் தண்டுகளைக் கையால் அசைத்தால் எது குற்றவாளி என்பது வெளிப்படும். எமது வண்டியில் ஒரு தண்டின் ரப்பர் உறை கிழிந்து, நீர் புகுந்து, துருப்பிடித்திருந்தது.

பரிகாரத்திலும் எச்சரிக்கை வேண்டும். தண்டுகளுக்கு எஞ்சின் எண்ணெயை இடலாகாது; அது ரப்பரை வீங்கச் செய்யும். பிரேக்கிற்கென விற்கும் கிரீஸையே இடுக. பழைய பேட்களில் கல்நார் கலந்திருக்கக்கூடும் ஆதலின் தூசியை ஊதாது ஈரத்துணியால் துடைக்க. பேட்களை இடம் வலம் இரண்டிற்கும் ஒருங்கே மாற்றுக. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டாட் 3 என்னும் வகைக்குப் புதிதாயிருக்கையில் 205 பாகையாக வகுக்கப்பெற்ற கொதிநிலை வரம்பு, நீர் கலந்த நிலையில் 140 பாகையே. மலையிறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவியானால் மிதி பயனின்றித் தரையைத் தொடும். அந்நீரே பிஸ்டனையும் துருப்பிடிக்கச் செய்வது. ஆதலின் இரண்டாண்டுக்கொருமுறை ஆயிலை மாற்றுதல் நலம்.

தண்டைத் துலக்கி உறையை மாற்றிய பின் இட்ட பேட்கள் இப்பொழுது ஒருபடித்தாகவே தேய்கின்றன. திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம், நோயையும் அதன் மூலத்தையும் அறிந்த பின்னரே மருந்து செய்யுமாறு மருத்துவனுக்கு அறிவுறுத்துகின்றது. அவ்விதி மோட்டார்ப் பட்டறைக்கும் பொருந்துவதே. ஆகவே மாணவ நண்பர்களே, கழற்றிய பேட்களைக் குப்பையில் எறியுமுன் நான்கையும் வரிசையாக வைத்து ஒரு கணம் நோக்குங்கள். அடுத்த மலையிறக்கத்தில் நிகழவிருப்பதை அவை முன்னரே கூறக்கூடும்.