பிடி ஓர் ஊர், அலகு ஓர் ஊர்

கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929-ல் தொடங்கியது. அடுத்த முப்பது ஆண்டுகளில் மலாயா ஜப்பானியர் ஆட்சியையும், 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தையும் கண்டது. ஒவ்வொரு படையோடும் ஒவ்வொரு கத்தி வந்தது. ஆகவே பரணில் விநோதமான கத்தி ஒன்று அகப்பட்டால், "தாத்தா ஊரிலிருந்து கொண்டுவந்தது" என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம்.

பிடியை மட்டும் பார்த்து ஊரைச் சொல்லவும் கூடாது. உடைந்த பிடியை மாற்றுவார்கள். நல்ல அலகைத் தூக்கி எறியமாட்டார்கள். இதற்குத் தஞ்சாவூரே சாட்சி. 1855-ல் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்தார். அரண்மனை ஆயுதசாலை பின்னர் கலைந்துபோனது. அதில் ஒரு பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தது. தஞ்சைக் கட்டாரிகள் பலவற்றில் பிடி நம் கொல்லர் கைவேலை, அதில் தறைந்திருக்கும் அலகோ ஐரோப்பிய வாள்!

மலாய்க் குத்துவாளான கெரிஸ் கைக்கு வந்தால், அலகின் அகன்ற அடிப்பாகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பெரும்பாலும் மயிரிழை போல ஒரு கோடு குறுக்கே ஓடும். அடியில் தனித்துண்டு பொருத்திய இடம் அது. வளைவுகளை எண்ணினால் ஒற்றைப்படையில் முடியும். நேரான கெரிஸும் உண்டு. நீண்ட மூக்குள்ள பிடி கிளந்தான், தென் தாய்லாந்தின் பத்தானிப் பக்கத்தைக் காட்டும். ஆனால் பிடியை மட்டும்தான் காட்டும்.

கூர்க்கா வீரர்களின் குக்ரியில், பிடியருகே கூர்விளிம்பில் சிறு வெட்டு இருக்கும். முனியாண்டி கோயில் அரிவாளின் நுனி கொக்கிபோல் வளையும். மலாய்க்காரர்களின் வெட்டுக்கத்தியான பாராங்கில் பொதுவாக அந்த வளைவு கிடையாது.

ஜப்பானிய வாள்தான் அதிகம் ஏமாற்றும். போர்க்காலத்தில் சார்ஜென்ட் போன்ற கீழ்நிலை அதிகாரிகளுக்குக் கொடுத்த சில வாள்களில், நூல் சுற்றியதுபோல் தெரியும் பிடி உண்மையில் வார்ப்பு உலோகம். அலகில் எண்ணும் பொறித்திருக்கும். பழைய கைவேலை வாளில் கொல்லரின் பெயர் இருந்தால், அது பிடிக்குள் மறைந்த காம்பில் இருக்கும். அந்தக் காம்பில் படிந்த கருந்துருவே வயதுக்குச் சான்று. அதைத் தேய்த்தவர் சான்றையே அழித்தவர். இந்தத் தவறுக்குப் பரிகாரம் கிடையாது.

எலுமிச்சம்பழம், உப்புத்தாள் எதுவும் வேண்டாம். படம் எடுங்கள். யாரிடமிருந்து, எந்தத் தோட்டத்தில் கிடைத்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். பிறகு பெக்கானிலுள்ள சுல்தான் அபு பாக்கர் அருங்காட்சியகத்திலோ கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்திலோ காட்டி விசாரியுங்கள்.